சூ மக்களும் அவர்தம் பெயர் தாங்கிய இடங்களும்: இடப்பெயராய்வும் சமூக வரலாறும்

இடப்பெயராய்வு நெடுங்காலமாக மொழியியலின் ஒரு கிளையாகவும் தொல்லியலின் துணைக்கருவியாகவுமே கருதப்பட்டு வந்துள்ளது. ஒரு பெயரின் வேர்ச்சொல் யாது, அது எவ்வாறு திரிந்தது, எம்மொழிக்குரியது என்பனவே அத்துறையினர் பெரிதும் எழுப்பி வந்த வினாக்கள். இவை தேவையான வினாக்களே. ஆயின் பெயரை இட்டவர் யார், எவ்வதிகாரத்தின் பேரில் இட்டார், பெயரிடப்பட்ட வேளையில் அந்நிலம் யார் வசமிருந்தது, பின்னர் யார் வசமாயிற்று என்னும் வினாக்களையும் சேர்த்து எழுப்பும்பொழுதுதான் இடப்பெயர் சமூக வரலாற்றுக்குரிய சான்றாக மாறுகின்றது.

இந்நோக்கிலே ஆராய்வதற்கு வட அமெரிக்காவின் நடுச் சமவெளிப் பகுதி மிகப் பொருத்தமானதொரு களமாகும். ஐக்கிய அமெரிக்காவின் படத்தை விரித்து மிசூரி ஆற்றின் வழியே கண்ணை ஓட்டுவோமாயின் சூ சிற்றி, சூ போல்ஸ், சூ சென்ரர், சூ றப்பிட்ஸ் எனும் ஊர்களையும், பெரிய சூ, சிறிய சூ எனும் ஆறுகளையும், அயோவா, நெப்ராஸ்கா, வட டக்கோற்றா ஆகிய மூன்று மாநிலங்களில் 'சூ' என்ற பெயருடைய மாவட்டங்களையும் காணலாம். ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர் இத்துணை பரந்த நிலப்பரப்பிலே பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பவர், அம்மக்கள் அந்நிலத்தின் உடைமையாளராக இன்றும் உள்ளனர் என எண்ணுதல் இயல்பு. உண்மை நிலை வேறு. பெயருக்கும் உடைமைக்குமிடையே தோன்றிய இவ்விடைவெளியின் வரலாற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. 'சூ' என்னும் பெயர்

'சூ' என்பது அம்மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று. அவர்களுடைய அயலவரான ஒஜிப்வே மக்களும் அவர்தம் இனத்தவரும் வழங்கிய 'நாதொவேசிவக்' என்ற சொல்லைப் பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு வணிகரும் பாதிரிமாரும் கேட்டு, தமது மொழியின் பன்மை விகுதியைச் சேர்த்து 'நாதுவேசியூ' என எழுதினர். நாளடைவில் அச்சொல்லின் முற்பகுதி கழன்றுபோக, வால் மட்டும் எஞ்சியது. அவ்வெஞ்சிய அசையே 'சூ' ஆயிற்று. மூலச் சொல்லுக்குச் 'சிறு பாம்புகள்' என்று பொருள் கூறுவது நெடுநாள் வழக்கு. 'வேற்று மொழி பேசுவோர்' என்ற பொருளுடைய பழைய வினையடியிலிருந்து அது தோன்றியது என்பது பிற்கால மொழியியலாளர் கருத்து. எவ்வாறாயினும், அயலவர் ஒருவரின் சொல், இன்னோர் அந்நியரின் எழுத்தில் சிதைந்து, மூன்றாமவர் ஒருவரின் சட்டத்திலே நிலைபெற்றமையே இப்பெயரின் கதையாகும்.

அம்மக்கள் தம் கூட்டமைப்பைக் குறிக்க வழங்கும் பெயர் 'ஒச்சேத்தி சக்கோவின்' என்பதாம். 'ஏழு ஆலோசனைத் தீக்கள்' என்பது அதன் பொருள். ஒவ்வொரு தீயும் ஓர் அரசியல் அலகு. மிடேவாக்கன்டன், வாபெக்குற்றே, வாபெட்டன், சிசெட்டன் ஆகிய நான்கும் கிழக்கே மினசோற்றாவின் ஏரிக்கரைகளிலும் காடுகளிலும் வாழ்ந்தன. யாங்க்டன், யாங்க்டனை என்னும் இரண்டும் மிசூரியின் கிழக்கேயுள்ள புல்வெளிகளிலே வாழ்ந்தன. ஏழாவதான டீற்றன் பிரிவினரே லக்கோற்றா எனப் பெரிதும் அறியப்படுவோர். குதிரையைக் கைக்கொண்டு, எருமைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து, மேற்குச் சமவெளியிலே பரவிய இப்பிரிவினருள்ளும் ஒக்லாலா, சிச்சாங்கு, ஹங்க்பாப்பா முதலிய ஏழு உட்குழுக்கள் உள்ளன. டக்கோற்றா, லக்கோற்றா என்பன கிளைமொழி வேறுபாட்டால் அமைந்த ஒரே சொல்லின் வடிவங்கள். 'நண்பர்', 'உறவுடையோர்' என்பது அச்சொல்லின் பொருள். ஏரிக்கரையில் நெல்லரிசியை ஒத்த காட்டுத் தானியம் சேகரித்தோரையும், குதிரை மீதமர்ந்து எருமை வேட்டையாடியோரையும் 'சூ' எனும் ஒற்றைச் சொல் வேறுபாடின்றிக் குறித்தது.

அயலவர் பெயரிடுவது தன்னளவில் ஒடுக்குமுறை என்று இதிலிருந்து முடிவு செய்துவிடலாகாது. டக்கோற்றா மக்களும் தம் அயலவருக்குப் பெயரிட்டனர். செயென் மக்களின் பெயர் டக்கோற்றா மொழியிலிருந்தே வந்தது. அயோவா என்ற மாநிலப் பெயரின் மூலமான இனப்பெயரும், டக்கோற்றா மக்கள் அவ்வயலவரைக் குறித்த சொல் பிரெஞ்சுக்காரர் வாயிலாகத் திரிந்தது என்றே பொதுவாக ஏற்கப்படுகின்றது. தமிழிலே நாம் 'செவ்விந்தியர்' என்று எழுதி வந்த சொல்லும் இத்தகையதே. கொலம்பசின் புவியியற் தவறு ஒன்றும் ஐரோப்பியரின் நிறவாதம் ஒன்றும் அச்சொல்லிலே கூட்டுச் சேர்ந்துள்ளன. ஆங்கில நூல்களின் வழியே அதனை நாமும் வினாவின்றி ஏற்றுக்கொண்டோம். அயலவர் இட்ட பெயர் தீங்கு விளைவிப்பது, அப்பெயரோடு நில அளவையாளனும் படையும் சட்டமும் சேர்ந்து வரும்பொழுதேயாம்.

2. ஆறு, நகரம், நிலக்கம்பெனி

சூ என்ற பெயரேற்ற இடங்களை அவை தோன்றிய காலத்துப் பொருளாதார உறவுகளின் அடிப்படையிலே வகைப்படுத்தலாம். முதலாவது வகை, ஆறுகளின் பெயர்கள். இவை உரோம வணிகக் காலத்தின் எச்சங்கள். பிரெஞ்சு வணிகனுக்குத் தோல் தேவைப்பட்டது, நிலம் தேவைப்படவில்லை. தோலைத் தருபவர் எவ்வாற்றங்கரையில் வாழ்கின்றனர் என்பதை அறிதல் அவனுக்கு இன்றியமையாததாகையால், ஆறுகளை மக்களின் பெயராலேயே அவன் சுட்டினான். இக்கட்டத்திலே பெயர் ஓரளவு உண்மையைக் கூறிற்று.

ஒன்ராறியோவிலுள்ள சூ லுக்கவுற் என்ற ஊர் இதே காலத்து முரண்பாடுகளின் மறுபக்கத்தைக் காட்டுவது. அது ஒஜிப்வே மக்களின் நிலம். சூ படையினரின் வரவை ஒஜிப்வே மக்கள் ஒரு குன்றிலிருந்து கண்காணித்தமையால் அப்பெயர் எழுந்தது என்பது அவ்வூர் மரபு. சூ நறோஸ் என்ற ஊரும் அத்தகைய போர் மரபொன்றைத் தாங்கியுள்ளது. உரோம வணிகப் போட்டியும் ஐரோப்பியத் துப்பாக்கியும் இவ்விரு மக்களுக்குமிடையேயான பகையைக் கூர்மைப்படுத்தின என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது வகை, நகரங்களின் பெயர்கள். இங்கே உறவு முற்றாக மாறிவிடுகின்றது. 1851ஆம் ஆண்டிலே ட்றவேர்ஸ் டே சூ, மெண்டோற்றா ஆகிய இடங்களிற் செய்யப்பட்ட ஒப்பந்தங்களின் மூலம் கிழக்கு டக்கோற்றா மக்கள் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர் நிலத்தை இழந்தனர். ஒப்பந்தத்தின் இன்னொரு பிரதியெனக் கருதித் தலைவர்கள் ஒப்பமிட்ட மூன்றாவது தாளொன்று, அவர்களுக்குரிய பணத்திற் பெரும்பகுதியைக் 'கடன்' என்ற பெயரில் வணிகருக்கு மாற்றிக் கொடுத்தது. ஒப்பந்தத்தை டக்கோற்றா மொழியிற் பெயர்த்த பாதிரியாரான ஸ்ரீபன் றிக்ஸ் அடுத்த ஆண்டு, 1852இல், அம்மொழியின் முதற் பேரகராதியை வெளியிட்டார். 1862இல் நிகழ்ந்த இராணுவ விசாரணைகளிலும் அவரே துணைநின்றார். அகராதியும் ஒப்பந்தமும் தண்டனைத் தீர்ப்பும் ஒரே கையினூடாகச் சென்றமை, மொழிப் புலமை அரசியலுக்கு அப்பாற்பட்டது எனக் கருதுவோர் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

இந்நிலப் பறிப்பின் மேலேதான் நகரங்கள் எழுந்தன. மிசூரி ஆற்றோடு பெரிய சூ ஆறு கலக்குமிடத்திலே பிரெஞ்சு வணிகரான தெயோபில் புறூகியே, யாங்க்டன் தலைவரான வார் ஈகிளின் மகளிரை மணந்து 1849 முதல் வாழ்ந்து வந்தார். வார் ஈகிள் 1851இல் இறந்து அங்குள்ள குன்றொன்றிலே புதைக்கப்பட்டார். மூன்று ஆண்டுகளின் பின், 1854இல், அரசாங்க நில அளவையாளரான ஜோன் குக் அவ்விடத்தை மனைகளாகப் பிரித்தார். சூ சிற்றி பிறந்தது. வணிகனின் திருமண உறவிலிருந்து அளவையாளனின் சங்கிலிக்கு மாறியமை, ஒரு பொருளாதார அமைப்பு இன்னொன்றுக்கு இடங்கொடுத்தமையின் குறியீடாகும். 1880களிலே தோன்றி 2002இல் மூடப்பட்ட பெரும் கால்நடைச் சந்தையும் இறைச்சிப் பதனிடு சாலைகளும் இந்நகரை வளர்த்தன. எருமைகள் அழிக்கப்பட்ட புல்வெளியிலே மாடுகள் மேய்ந்து, சூ என்ற பெயருடைய நகரிலே இறைச்சியாகி, கிழக்கத்திய சந்தைகளுக்குச் சென்றன.

தென் டக்கோற்றாவின் மிகப் பெரிய நகரமான சூ போல்ஸின் தோற்றம் இதனினும் தெளிவானது. பெரிய சூ ஆற்றின் அருவியை நாடி 1856, 1857ஆம் ஆண்டுகளிலே இரு நிலக்கம்பெனிகள் போட்டியிட்டு வந்தன. ஒன்று அயோவாவிலுள்ள டுபியூக்கிலிருந்தும் மற்றையது மினசோற்றாவிலுள்ள சென் போலிலிருந்தும் வந்தவை. யாங்க்டன் மக்கள் பெரிய சூவுக்கும் மிசூரிக்குமிடைப்பட்ட 1.1 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கைவிட்ட ஒப்பந்தமோ 1858இலேதான் செய்யப்பட்டது. சட்டத்துக்கு முன்னரே முதலீடு வந்துவிட்டது. இவ்வாறாகப் பெயரும் மனைவிற்பனையின் ஒரு கூறாயிற்று: நிலத்துக்குரியோரை அகற்றும் கம்பெனியே அவர் பெயரை விளம்பரப் பலகையில் எழுதிற்று.

3. மின்னஹாகா: இலக்கியத்தின் பங்கு

சூ போல்ஸ் அமைந்துள்ள மாவட்டத்தின் பெயர் மின்னஹாகா. அமெரிக்கக் கவிஞர் லோங்ஃபெலோ 1855இல் வெளியிட்ட 'ஹயவத்தாவின் பாடல்' என்ற நெடுங்காவியத்தின் தலைவி இப்பெயரினள். டக்கோற்றாப் பெண்ணாகப் படைக்கப்பட்டவள். ஸ்நெல்லிங் கோட்டைச் சூழலில் வாழ்ந்த மேரி ஈஸ்ற்மன் 1849இல் வெளியிட்ட டக்கோற்றாக் கதை நூலிலிருந்து லோங்ஃபெலோ இப்பெயரைப் பெற்றார். டக்கோற்றா மொழியில் அது அருவி என்றே பொருள்படும்; 'சிரிக்கும் நீர்' என்ற கவர்ச்சியான பொருள் பிறர் ஏற்றியது. ஒஜிப்வே மரபுக் கதைகளை எடுத்து, இறக்குவா மக்களின் தலைவனொருவனின் பெயரைச் சூட்டி, டக்கோற்றா மங்கையை மணமுடித்து வைத்த இக்காவியத்தில் மூன்று வேறு மக்களின் வரலாறுகள் ஒரே சோகச் சித்திரமாகக் குழைக்கப்பட்டுள்ளன.

இது தனிக் கவிஞரொருவரின் அறியாமை எனக் கொள்வது போதாது. காவியம் வெளிவந்த 1855ஆம் ஆண்டிலேயே தளபதி ஹார்னியின் படை நெப்ராஸ்காவின் புளூ வோற்றர் ஓடையருகே சிச்சாங்கு லக்கோற்றா மக்களின் முகாமொன்றைத் தாக்கிப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது. நிகழ்காலத்திலே எதிர்த்து நிற்கும் மக்களை, இறந்த காலத்திலே மறைந்துவிட்ட அழகிய மனிதராகக் காட்டுவதே இத்தகைய இலக்கியத்தின் சமூகப் பணி. குடியேறியவரின் மனச்சான்றுக்கு அது ஆறுதலளித்தது. குடியேற்ற நகரங்களுக்குப் பெயர்ப் பட்டியலையும் அளித்தது.

இதற்கு எதிரான இலக்கிய மரபொன்றும் அம்மக்களிடையே தோன்றிற்று. வூண்டட் நீ படுகொலையின் பின்னர் காயமுற்றோருக்கு வைத்தியம் செய்த டக்கோற்றா மருத்துவரான சார்ள்ஸ் ஈஸ்ற்மன் (ஒஹியேசா), யாங்க்டன் எழுத்தாளரான சிற்கலா-சா, வாய்மொழிக் கதைகளை மூலமொழியிலே பதிவு செய்து 1932இல் 'டக்கோற்றா பாடங்கள்' என்ற தொகுப்பை வெளியிட்ட எல்லா டெலோறியா, 1969இலே கூரிய அரசியல் அங்கதத்தோடு 'கஸ்ரர் உங்கள் பாவங்களுக்காக மடிந்தான்' என்ற நூலை எழுதிய வைன் டெலோறியா ஆகியோர் இம்மரபினர். டெலோறியா அம்மையாரின் 'வோற்றர் லிலி' என்ற நாவல் அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளின் பின் 1988இலேயே அச்சேறியது.

4. 1862 முதல் 1890 வரை

1862ஆம் ஆண்டின் கோடையிலே, ஒப்பந்தப்படி வரவேண்டிய பணம் தாமதமாக, வணிகர் கடனுக்கு உணவு தர மறுக்க, பட்டினியால் வாடிய கிழக்கு டக்கோற்றா மக்களில் ஒரு பகுதியினர் தலைவர் லிற்றில் குறோவின் கீழ்ப் போரிலிறங்கினர். போர் ஆறு வாரங்களில் முடிந்தது. இராணுவக் குழு 303 பேருக்கு மரணதண்டனை விதித்தது; சில விசாரணைகள் சில நிமிடங்களே நீடித்தன. ஜனாதிபதி லிங்கன் பெரும்பாலோரின் தண்டனையை நிறுத்தியபோதிலும், 1862 டிசெம்பர் 26ஆம் நாள் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். ஐக்கிய அமெரிக்க வரலாற்றிலே ஒரே நாளில் நிகழ்ந்த மிகப் பெரிய தூக்குத் தண்டனை இதுவே. அது நிகழ்ந்த ஊர் மன்கேற்றோ. 'நீல மண்' எனப் பொருள்படும் டக்கோற்றாச் சொல்லே அது. அடுத்த ஆண்டிலே ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் மூலம் டக்கோற்றா மக்கள் வெளியேற்றப்பட்ட மினசோற்றாவின் பெயரும் டக்கோற்றாச் சொல்லே.

மேற்கே நடந்தது இதன் தொடர்ச்சியே. 1868ஆம் ஆண்டின் லறமி கோட்டை ஒப்பந்தம், புனித மலைகளான பிளாக் ஹில்ஸ் உட்பட மிசூரிக்கு மேற்கேயுள்ள பெருநிலத்தை லக்கோற்றா மக்களுக்கும் அவர்தம் நேசர்களுக்கும் ஒதுக்கியது. வளர்ந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினரின் ஒப்பமின்றி அந்நிலத்தில் ஒரு பகுதியும் கைமாற முடியாது என்பது அதன் விதி. 1874இல் கஸ்ரரின் படை அம்மலைகளிலே பொன் இருப்பதை அறிவித்தது. 1876 யூன் 25இல் லிற்றில் பிக்ஹோர்ண் ஆற்றங்கரையிலே லக்கோற்றா, செயென், அறப்பாஹோ மக்கள் கஸ்ரரை முறியடித்தனர். மறு ஆண்டே ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ், உணவுப் பங்கீட்டை நிறுத்துவதாக அச்சுறுத்தி, பத்திலொரு பங்கினரின் ஒப்பத்தை மட்டும் பெற்று, பிளாக் ஹில்ஸைக் கைப்பற்றியது. 1876இலே கண்டறியப்பட்ட ஹோம்ஸ்ரேக் சுரங்கம் ஒன்றிலிருந்து மட்டும், அது மூடப்படும் வரையிலான ஏறத்தாழ 125 ஆண்டுகளில், சுமார் 4 கோடி அவுன்ஸ் பொன் எடுக்கப்பட்டது. 'மூலதனம்' முதற்றொகுதியிலே மார்க்ஸ் ஆதி மூலதனத் திரட்சியை விளக்குமிடத்து அமெரிக்கப் பழங்குடியினரின் அழிப்பையும் அதன் கூறுகளுள் ஒன்றாகச் சேர்த்திருப்பதன் பொருத்தத்தை இதனினும் தெளிவாக உணர்த்தவல்ல நிகழ்ச்சிகள் சிலவே.

இவ்வரிசையிலே மிகவும் குறிப்பிடத்தக்கது 1889ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு மார்ச்சு மாதத்துச் சட்டமொன்று பெரும் சூ ஒதுக்கிடத்தைச் சிறு துண்டுகளாக உடைத்து, ஏறத்தாழ 90 இலட்சம் ஏக்கரைக் குடியேறுவோருக்குத் திறந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வட டக்கோற்றா, தென் டக்கோற்றா என இரு மாநிலங்கள் உதயமாயின. 'நண்பர்' என்ற சொல்லைத் தம் பெயராக ஏற்ற அம்மாநிலங்களின் பிறப்புக்கு, அச்சொல்லுக்குரிய மக்களின் நிலம் துண்டாடப்பட்டமை முன்நிபந்தனையாயிற்று. அடுத்த ஆண்டு டிசெம்பர் 15இல் சிற்றிங் புல் கொல்லப்பட்டார். டிசெம்பர் 29இல் வூண்டட் நீ ஓடையருகே, பெண்களும் குழந்தைகளுமாகப் பெருந்தொகையான லக்கோற்றா மக்கள் படையினராற் கொன்று குவிக்கப்பட்டனர்.

5. பெயரே சான்றாகும் நிலை

இதுவரை கூறியவற்றால், 'சூ' என்ற பெயர் பறிப்பின் சுவடு மட்டுமே என்ற முடிவுக்கு வரலாம். ஆனால் வரலாற்றின் இயங்கியல் அத்துணை எளிதானதன்று. ஒப்பந்தங்கள் செய்யப்பட்டது இப்பெயரிலேயே. ஆகவே ஒப்பந்தம் மீறப்பட்டதென வழக்காடவும் இப்பெயரே வேண்டியதாயிற்று. 1923இலே தொடங்கிய பிளாக் ஹில்ஸ் வழக்கு, 'ஐக்கிய அமெரிக்கா எதிர் சூ தேசத்தவர்' என்ற தலைப்பில் 1980 யூன் 30இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பாக முடிந்தது. 1877ஆம் ஆண்டின் செயல் உரிய இழப்பீடின்றி நிலத்தைப் பறித்ததாகும் என நீதிமன்றம் ஏற்று, 1.71 கோடி டொலரையும் நூறாண்டுக்கு மேற்பட்ட வட்டியையும் வழங்கிற்று. அம்மக்கள் அப்பணத்தை ஏற்க மறுத்துவிட்டனர்; மலைகள் விற்பனைக்குரியன அல்ல என்பதே அவர்கள் நிலைப்பாடு. எடுக்கப்படாத அத்தொகை வட்டியோடு வளர்ந்து நூறு கோடி டொலரைக் கடந்துவிட்டது. வட அமெரிக்காவின் மிக வறிய பகுதிகளுள் வாழும் மக்கள் இத்தொகையைத் தொடாதிருப்பது, நிலத்தைப் பண்டமாகக் கருதும் சமூக அமைப்பு முழுவதற்கும் எதிரான நடைமுறை விமர்சனமாகும்.

பெயர்களை மீட்கும் முயற்சிகளையும் இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். 2014ஆம் ஆண்டு வாக்கெடுப்பின்படி, தென் டக்கோற்றாவின் ஷனன் மாவட்டம் 2015இல் ஒக்லாலா லக்கோற்றா மாவட்டமாயிற்று. ஹார்னியின் பெயர் தாங்கியிருந்த பிளாக் ஹில்ஸின் உயர்ந்த சிகரம் 2016இல், ஒக்லாலா ஞானியொருவரின் பெயரால், பிளாக் எல்க் சிகரமாயிற்று. மினியாபொலிசிலே அடிமை முறையின் காவலனான கல்ஹூனின் பெயரிலிருந்த ஏரிக்குப் 'ப்டே மகா ஸ்கா' என்ற டக்கோற்றாப் பெயர் மீண்டும் வழங்கப்பட்டதை 2020இல் மாநில உயர்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 1930 முதல் வட டக்கோற்றாப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டணிகள் சூடியிருந்த 'சூ' என்ற பெயர், நெடிய சர்ச்சையின் பின் 2012இல் கைவிடப்பட்டது. அச்சர்ச்சையிலே சூ மக்களே ஒருமுகமாக நிற்கவில்லை: ஸ்பிரிற் லேக் மக்கள் 2009ஆம் ஆண்டு வாக்கெடுப்பிலே பெயரை ஆதரித்தனர், ஸ்ராண்டிங் றொக் சபையினர் எதிர்த்தனர்.

இவ்வெற்றிகளைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது, மிகைப்படுத்துதலும் தகாது. பெயரை மாற்றுதல் ஆளும் வர்க்கத்துக்கு மலிவான சலுகையாக அமையக்கூடும். ஓஹே அணைக்கட்டின் நீர்த்தேக்கத்தால் ஸ்ராண்டிங் றொக், செயென் றிவர் ஒதுக்கிடங்களிலே ஒன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் மூழ்கியபோது, மூழ்கியது ஆற்றோரக் காடுகளும் வளமான வயல்களுமாகும். எந்தப் பெயர் மாற்றமும் அதனை ஈடுசெய்யாது. அதே நீர்த்தேக்கத்தின் அடியிலே எண்ணெய்க் குழாய் செல்வதை எதிர்த்து 2016இல் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவர்கள் அமைத்த பெருமுகாமின் பெயர் 'ஒச்சேத்தி சக்கோவின்'. 2017 பெப்ரவரியில் முகாம் அகற்றப்பட்டது. யூன் மாதத்திலே எண்ணெய் ஓடத் தொடங்கியது. எண்ணெய் செலுத்திய கம்பெனி தன் குழாய்க்கு இட்ட பெயரிலும் 'டக்கோற்றா' என்ற சொல் உண்டு என்பதை இங்கே குறிப்பிடாதிருத்தல் இயலாது.

முடிவாக ஒன்று கூறலாம். சூ சிற்றி, சூ போல்ஸ், டக்கோற்றா, மின்னஹாகா என்ற பெயர்கள் அம்மக்களுக்குச் செய்யப்பட்ட மரியாதையும் அல்ல. வெறும் மொழியியற் தற்செயலும் அல்ல. நிலத்தின் மீதான உரிமை ஒரு வர்க்கத்திடமிருந்து இன்னொரு வர்க்கத்துக்கு, ஓர் உற்பத்தி முறையிலிருந்து இன்னோர் உற்பத்தி முறைக்கு, மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் படிந்த படிவுகள் அவை. மரியாதை நோக்கிலே இடப்பட்ட பெயராயினும், உரிமையாளர் உயிரோடிருந்து உரிமை கோருங்கால், அது வாக்குமூலமாக மாறுகின்றது: இந்நிலம் இன்னாருடையதாயிருந்தது என்பதைப் பறித்தவனே தன் கையால் எழுதி வைத்த வாக்குமூலம். அதனைப் படிக்கும் முறையை வகுத்துக்கொள்வது இடப்பெயராய்வாளரின் கடமை. அதன்படி தீர்ப்பு வழங்குவதோ, எடுக்கப்படாத அப்பணத்தின் எதிரே இன்றும் மலைகளைக் கேட்டு நிற்கும் அம்மக்களின் போராட்டத்தைப் பொறுத்ததாகும்.